சொட்டுத் தண்ணிக்கு ரெண்டு விசில்

சிவன்மலை முருகன் மேல சத்தியமுங்க தம்பி, இப்ப நான் சொல்லப்போறதுல ஒரு எழுத்துக்கூடப் பொய் கெடையாது. எனக்குத் தெரிஞ்ச எழுத்தே கம்மி. டிக்கெட்டுல ஊர் பேரு படிக்கிற அளவுக்குத்தான் பள்ளிக்கூடம் போனவன். இருக்கிற எழுத்துல ரெண்டைத் தூக்கிப் பொய்க்குக் குடுத்துட்டா அப்பறம் நெசத்துக்கு எங்கீங்க போறது?

காதுல இருக்கறதக் கழட்டிக்கிறீங்களா? ஒண்ணு கழட்டுனாப் போதும். ஒரு காதுல பாட்டு ஓடட்டும், ஒரு காதுல நான் ஓடிக்கிறேன். கண்டக்டர் முன்வாசல்ல இருந்து வர்றான், இந்தக் கூட்டத்துல நம்ம சீட்டுக்கு வர்றதுக்குள்ள அரச்சலூரே வந்திரும். பாருங்க, ஒரு டிக்கெட்டு கிழிக்கறதுக்கு எச்சி தொட்டு, கண்ணாடியத் தூக்கி, சில்லறைக்குப் பையக் கொடஞ்சு... நானா இருந்திருந்தா காங்கயம் எல்லையத் தாண்டறதுக்குள்ள மொத்த பஸ்ஸுக்கும் போட்டு முடிச்சிருப்பேன். ஆமாங்க, நானும் கண்டக்டர்தான். தாராபுரம் ரோட்டுல கண்டக்டர் குப்பணன்னா ரோட்டுல படுத்திருக்கற நாயி எந்திரிச்சு வழி வுடும். இப்ப வேலைய வுட்டாச்சு. வுட்டுட்டேன்னு நான் சொல்றேன், முட்டிதான் என்னைய வுட்டுப்போச்சு. படிக்கட்டுல தொங்குன காலு, இன்னைக்குக் கக்கூசுப் படி ஏற யோசிக்குது.

அதுகூடப் பரவாயில்லீங்க. அந்தாளு எங்குடியக் கெடுத்துட்டான் பாருங்க, அதுதான் ஆறலை.

யாருன்னா, டிரிப்புக்காரன். கருப்பு டியூப்பைச் செடிக்கடியில வளைச்சு வளைச்சு வுட்டு, சொட்டு சொட்டாத் தண்ணி வுழுக வெப்பாங்களே, அந்தச் சொட்டு நீரு. அத ரிப்பேர் பண்றவன். பேரு தங்கவடிவேல். பேருல தங்கமும் இருக்குது, வேலும் இருக்குது. தங்கம் அவனுக்கு, வேலு எனக்கு.

மொதல்ல இருந்து சொல்றேன். இல்லீன்னா உங்களுக்கு ஓடற பஸ்ஸுல ஏறுன மாதிரி இருக்கும்.

எங்கூட்டுக்குப் பொறத்தால ஒரு தோட்டம். ஏக்கராக் கணக்குத் தோட்டமில்ல, கொய்யா, முருங்கை, எலுமிச்சை, கொஞ்சம் வாழை, ஒரு மல்லிப் பந்தல், கத்திரி வெண்டைன்னு ஊட்டுத் தோட்டம். எல்லாம் என்ற ஊட்டுக்காரி மயிலாத்தா வெச்சது. அவளுக்கு நான் ஒருத்தன், மக ஒருத்தி, மிச்சமெல்லாம் செடி. எலக்சன் வெச்சா செடிதான் செயிக்கும்.

எங்கூருத் தண்ணி இருக்குதே, உப்பு. சொம்புல புடிச்சு வெச்சா உள்ளார கோலம் போட்டுரும். அதும் இருக்கறதே கொஞ்சூண்டு. சித்த நேரம் வரும், அப்பறம் மோட்டாரு காத்தைக் குடிச்சுக்கிட்டு கெழவனாட்டம் இருமும். ஒடனே நிறுத்தலீன்னா காயில் கருகிரும். மோட்டார் சுச்சு முன்னால ரூமுல, தோட்டம் பொறக்கால. அதனால நான் சுச்சுக்கிட்ட நாற்காலி போட்டு உக்காந்துக்குவேன், அவ அங்க ரப்பர் ஓசு புடிச்சுக்கிட்டு நிப்பா. கத்துனா கேக்காது. எனக்குக் கத்தறதுக்குத் தெம்புமில்லை. என்ன பண்ணுனேன்? இந்தா, இதத்தான் எடுத்தேன். பாத்தீங்களா? பித்தளை விசிலு. வேலைய வுட்டு வரும்போது எல்லாத்தையும் ஒப்படைச்சேன், இத மட்டும் மறந்துட்டேன். நெசமாலுமே மறந்துட்டேன்னு வெச்சுக்கங்க.

ரெண்டு விசிலுன்னா, தண்ணி வருது, ஓசுக் கொழாயக் கெட்டியாப் புடி. ஒரு விசிலுன்னா, நிறுத்தப் போறேன். பஸ்ஸுல எப்படியோ அப்படி. அதுக்கு அவ ஒரு கொடம் வெச்சிருந்தா, கல்லெடுத்துத் தட்டுவா. ஒரு தட்டுன்னா, நிறுத்துங்க, அடுத்த செடிக்கு மாத்தறேன். டகடகன்னு தட்டுனா, மோட்டாரு இருமுது. நான் வேணும்னே கேக்காத மாதிரி உக்காந்திருந்தேன்னு வெச்சுக்கங்க, கொடம் நசுங்கற மாதிரி ஒரு அடி வுழும். அது திட்டு. அந்தக் கொடத்த நீங்க பாக்கோணும், நெளிவு இல்லாத எடமே கெடையாது. நாங்க அவ்வளவு பேசியிருக்கறோம்.

வெடியால ஒருக்கா, பொழுதோட, இருட்டறதுக்குள்ள ஒருக்கா. மத்தபடி 'சோறு போடட்டுங்களா', 'போடு'. அதுக்கு மேல புருசன் பொண்டாட்டிக்குள்ள என்ன பேச்சு இருக்குதுங்க? பக்கத்து ஊட்டு ராசாமணி அக்கா காம்பவுண்டு மேல தலைய நீட்டிக் கேக்கும், "ஏனுங்க குப்பணண்ணா, உங்கூட்டுல குடும்பம் நடக்குதா, டவுன் பஸ்ஸு ஓடுதா?"ன்னு. "ஏறிக்கறீங்களா அக்கா, நிக்கத்தான் எடமிருக்குது"ன்னு நான் சொல்லுவேன்.

இப்படி ஓடிக்கிட்டிருந்த வண்டிதானுங்க.

மக பிரமிளா ஓசூர்ல இருக்கறா. மாப்பிள்ளைக்கு அங்க கம்பெனி. மொதப் பேறு எங்கூட்டுலதான் ஆச்சு, முறைப்படி கூட்டியாந்து பாத்து அனுப்பியாச்சு. இப்ப ரெண்டாவது. டாக்டரம்மா அலையவே கூடாது, படுத்துக்கிட்டுத்தான் இருக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. மூத்தது பள்ளிக்கூடம் போற பேத்தி, அதுக்குத் தலை சீவி வுடோணும், சோறு கட்டோணும். சம்பந்தியம்மா போன வருசம் காலமாயிட்டாங்க. அப்ப யாரு போகோணும்? பெத்தவதான் போகோணும். பேறு ஆகி, கொழந்தைக்குத் தலை நிக்கற வரைக்கும் இருக்கோணும்.

என்னையும் கூப்பிடாம இல்லை. கூப்பிட்டாங்க. பொண்ணு குடுத்த ஊட்டுல ஆம்பளை போயி மாசக்கணக்குல கால நீட்டிக்கிட்டு சோறு திங்கலாமுங்களா? எங்க பக்கம் காறித் துப்பிருவாங்க. அதுவுமில்லாம, தோட்டத்த யாரு பாக்கறது? நான் அதத்தான் கேட்டேன். மயிலாத்தாளும் அதத்தான் கேட்டா. "நீங்க ஒத்த ஆளு, சுச்சும் போட்டு ஓசும் புடிக்க முடியாது, இந்த முட்டிய வெச்சுக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓட முடியாது. செடியக் காய வுட்டுப்போட்டு நான் எப்படிங்க போறது?"ன்னா. எனக்கு சமாதானமாச்சு. செடிக்கு ஒரு வழி பண்ணாம அவ போக மாட்டா. நானும் பிரமிளாகிட்ட, "ஏம்மா, செடியெல்லாம் பாவமல்லவா, அங்கயே நல்ல ஆளாப் பாத்து வெச்சுக்கயேன்"னு நல்ல மனசோடதான் சொன்னேன்.

அந்தப் புள்ளை என்ன பண்ணுச்சு தெரியுமுங்களா? போனுலயே ஆளு புடிச்சு, டிரிப்பு போட வெச்சிருச்சு. மேல ஒரு டேங்கு. டேங்கு நெறஞ்சா மோட்டாரு தானா நின்னுக்கும். நேரமானா வால்வு தானா தொறந்துக்கும், தானா மூடிக்கும். எல்லாம் தானா.

மொத நாளு வெடியால நான் பழக்கத்துல விசிலை வாயில வெச்சுக்கிட்டு நாற்காலியில உக்காந்திருக்கேன். எங்கயோ க்ளக்குன்னு ஒரு சத்தம். தண்ணி போயிருச்சு! ரைட்டு குடுக்க ஆளில்லாம வண்டி கெளம்பிப் போனா எப்படி இருக்கும், அப்படி இருந்துச்சு எனக்கு. பொறத்தால போயிப் பாத்தா மயிலாத்தா கையக் கட்டிக்கிட்டு நிக்கறா. அப்பறம் கொடத்தைக் கவுத்து அது மேல உக்காந்தே போட்டா. "எத்தனை நல்லாருக்குது பாருங்க, சத்தமே இல்லை"ங்கறா.

சத்தமில்லாம இருந்தா நல்லாருக்குதாமா.

அன்னைக்கே அவ பொட்டியெடுத்துத் தொடச்சு வெச்சுட்டா. மறுநாளு நான் சும்மா சுத்திப் பாக்கறேன், பில்டர்னு ஒரு டப்பா இருக்குதுங்க, தண்ணிய வடிகட்டறது, அதோட மூடியில லேசாக் கசிவு. கண்ணுல பட்டா நான் சும்மா இருப்பனா? முப்பது வருசம் வண்டியில இருந்தவன். நடுவழியில டீசல் டேங்கு ஒழுகுனா என்ன பண்ணுவோம்? துணி தொவைக்கிற பார் சோப்பை ஒரு துண்டு வெட்டி, நூலு சுத்திப் பெசஞ்சு, ஓட்டையில அப்பிருவோம். கல்லு மாதிரி நிக்கும். டிப்போ போற வரைக்கும் ஒரு சொட்டு வராது. அந்தக் காலத்து டிரைவருங்க சொல்லிக் குடுத்த வைத்தியம். அதத்தான் நானும் பண்ணுனேன். பில்டர் மூடியக் கழட்டி, உள்ளாறயும் வெளியயும் நல்லா அப்பி, இறுக்கி வெச்சேன். கசிவு நின்னுச்சு. கையக் கழுவிட்டு வந்து காப்பி குடிச்சேன். உபகாரம் பண்ணுனேன், தப்பு எங்க இருக்குதுங்க?

கொஞ்ச நாள்ல செடியெல்லாம் தலையத் தொங்கப் போட்டுருச்சு. கத்திரி சுருண்டுச்சு. போயிப் பாத்தா டியூப்புல ஒரு சொட்டு வரலை. மயிலாத்தா பொட்டியில வெச்ச சேலையெல்லாம் மறுபடி எடுத்துக் கொடியில போட்டா. "இப்படிக் கெடக்கையில எப்படிப் போறது"ன்னா. நான் நாற்காலியத் தூக்கிட்டுப் போயி சுச்சுக்கிட்டப் போட்டேன். அவ ஓசுக் கொழாய எடுத்தா. ரெண்டு விசிலு.

அப்பத்தான் பிரமிளா ஓசூர்ல இருந்தே ரிப்பேருக்கு ஆளனுப்புச்சு. அவந்தான் தங்கவடிவேல்.

வந்து எறங்குனான் பாருங்க. கம்பெனிச் சட்டை, இடுப்பைச் சுத்தி டூல்ஸு, காதுல உங்களாட்டம் ஒண்ணு. செருப்பக் கழட்டலை, செடியப் பாக்கலை, போனை எடுத்துப் போட்டோ எடுக்கறான்.

"ஐயா, உங்க சிஸ்டம் எப்ப போட்டது?"

"சிஸ்டமா? செடிக்குத் தண்ணி வுடறதுங்க இது."

"அதத்தான் சிஸ்டம்னு சொல்றது. உங்களுக்குப் புரியாது, நான் அம்மாகிட்டப் பேசிக்கறேன்."

எனக்குப் புரியாதாமா. மயிலாத்தா அவனுக்கு மோரு குடுத்தா, கொய்யாப்பழம் குடுத்தா, கண்ணு கண்ணுன்னு கூப்பிட்டா. அவன் ஒவ்வொரு சொட்டானையும், தண்ணி சொட்டற அந்தச் சின்ன மூக்க, புடுங்கி ஊதிப் பாத்துட்டு, "உப்பு அடைச்சிருக்குது"ன்னான். ஆசிட்டு ஊத்திக் கழுவுனான். பில்டர் மூடியத் தொறந்தான், என்ற வைத்தியத்துக்குத் தடமே இல்லை, வாசரு புதுசு போட்டான். சர்ருன்னு தண்ணி வந்துச்சு. கத்திரி மறுநாளே நிமிந்திருச்சு, நன்றி கெட்ட செடி. மயிலாத்தா கொடியில இருந்த சேலைய மடிச்சுப் பொட்டியில வெச்சா.

பத்து நாளுகூட நிக்கலீங்க, மறுபடி அடைப்பு. மறுபடி சேலை கொடிக்கு வந்துச்சு. ரெண்டாந்தடவை வந்தவன் கொஞ்சம் கடுப்பா இருந்தான். "டேங்கு ஒசரம் பத்தலை, அழுத்தம் இல்லை"ன்னான். நான் பக்கத்துலயே நின்னு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எடுத்துக் குடுத்தேன். "அணில் கடிச்சிருக்குமுங்களா?" "டியூப்புக்குள்ள பல்லி போயிருக்குமுங்களா?" "அந்த வால்வுக்கு வாஸ்து சரியில்லையோ?" அவன் ஒண்ணுக்கும் பதில் சொல்லாம ஆசிட்டு டப்பாவத் தூக்கிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான். படிச்ச புள்ளைக்குப் பொறுமை இல்லை தம்பி. மறுபடி கழுவுனான், மறுபடி தண்ணி வந்துச்சு, மறுபடி நின்னுச்சு.

அந்தச் சமயத்துல மயிலாத்தாளுக்கு வேற ஒரு ரோதனை. "சோப்பு வாங்கி வெச்சா நிக்கவே மாட்டேங்குது. கட்டிய எவனோ வெட்டித் தின்ன மாதிரி இருக்குது"ன்னு பொலம்புவா. "எலியா இருக்கும்"னேன். "எலி கத்தி வெச்சா வெட்டும்?"ன்னா. எங்கூரு எலிய அவளுக்குத் தெரியாது.

பிரமிளா போன் பண்ணும். மொதல்ல, "அம்மா எப்ப வருது?"ன்னு கேட்டுச்சு. அப்பறம் கேக்கறதக் கொறைச்சிருச்சு. ஒருநாளு பேத்தி பேசுச்சு, "தாத்தா, அம்மா படுத்துக்கிட்டே எனக்குத் தலை சீவுச்சு, கோணலாப் போச்சு, மிஸ்ஸு சிரிச்சாங்க"ன்னு. மயிலாத்தா போனை வாங்கிக் காதுல வெச்சு முழுசாக் கேட்டா. வெச்சுட்டு, அந்தக் கவுத்த கொடத்து மேல போயி நெம்ப நேரம் உக்காந்திருந்தா. நான் என்ன பண்றது? டிரிப்பு வேலை செய்யலை. நானா அடைச்சேன்?

அப்பறம் மூணாவதா வந்தான். இந்தத் தடவை மோருகூட வாங்கலை. நேராப் போயி ஒரு டியூப்போட கடைசி மூடியக் கழட்டுனான். வெள்ளை வெள்ளையா, கட்டி கட்டியா, திரிஞ்ச பாலாட்டம் வந்து வுழுந்துச்சு.

"என்ற சர்வீஸ்ல இப்படி ஒரு உப்பைப் பாத்ததே இல்லீங்க. போட்டோ எடுத்து எங்க குரூப்புல போடறேன்."

"போடு சாமி. காங்கயத்து உப்புன்னா சும்மாவா"ன்னேன்.

மயிலாத்தா வந்தா. குனிஞ்சா. ஒரு கட்டிய வெரல்ல எடுத்து, ரெண்டு வெரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்தா. வழுவழுன்னு வழுக்குச்சு. மூக்குக்கிட்ட கொண்டு போனா. தொவைக்கற பொம்பளை மூக்கு தம்பி, அதுக்கு முன்னால எந்தக் குரூப்பும் நிக்காது.

"கண்ணு, அந்தப் பில்டரத் தொற."

"அது போன தடவைதான் கழுவுனேங்க அம்மா."

"தொற கண்ணு."

தொறந்தான். உள்ளார, நீலக் கலர்ல, நூலு சுத்துனபடி ஒரு துண்டு. பாதி கரைஞ்சு, பாதி அப்படியே உக்காந்திருக்குது.

தங்கவடிவேலு என்னையப் பாக்கறான். நான் கொய்யா மரத்தப் பாக்கறேன். ரெண்டு காயி பழுத்திருந்துச்சு.

"டீசல் டேங்கு ஒழுகுனா இதுதான் வைப்போம்"னேன். "டீசல்ல சோப்பு கரையாது. வண்டிக்காரனுங்க எல்லாருக்கும் தெரியும்."

"தண்ணியிலங்க?"ன்னா மயிலாத்தா.

நான் மறுபடி கொய்யாவ எண்ணுனேன்.

"தெனமும் குளிக்கறீங்கல்ல?"ங்கறா. "கையில புடிச்சிருக்கற சோப்பு கரையறது தெரியலீங்களா? இல்ல டீசல்லதான் குளிக்கறீங்களா?"

தங்கவடிவேலு அந்தப் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டான். தோளு ரெண்டும் குலுங்குது. உப்புத் தண்ணியில சோப்பு சேந்தா திரியும்னு அந்தச் சிரிப்புக்கு நடுவுல பாடம் வேற நடத்தறான், இவ்வளவு நாளு உப்புன்னு ஆசிட்டு ஊத்துனவன்.

"சரி, மொதல்ல ஒழுகுச்சு, வெச்சீங்க"ங்கறா மயிலாத்தா. "இந்தப் புள்ளை புது வாசரு போட்டுருச்சு. அதுக்கப்பறம் எங்கீங்க ஒழுகுச்சு?"

"ஒழுகலை."

"பின்ன எதுக்கு வெச்சீங்க?"

"ஒழுகிருமோன்னு."

அதுக்கு மேல அவ கேக்கலீங்க. கொடத்த எடுத்து நசுங்க ஒரு அடி அடிச்சிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அடிக்கலை. அந்தச் சோப்புத் துண்டு வீணாப் போகக் கூடாதுன்னு அதையே எடுத்துக் கையக் கழுவுனா. கழுவிக்கிட்டே மெதுவாச் சொல்றா, "போகாதேன்னு வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க."

"நான் எதுக்குச் சொல்றேன்? தாராளமாப் போ. நான் செடிக்குப் பாத்தேன்."

"செடிக்கு."

"ஆமா, செடிக்கு."

பாருங்க, பொம்பளைங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு அர்த்தம் வேணும். ஒழுகிருமோன்னு ஒரு மனுசன் முன்னெச்சரிக்கையா ஒரு காரியம் பண்ணுனா, அதுக்கும் ஒரு கதை கட்டறது.

அந்தத் தங்கவடிவேலு அன்னைக்குப் பழைய டியூப்பெல்லாம் புடுங்கிப்போட்டு, புதுசு போட்டு, பில்டருக்கு என்ற கைக்கு எட்டாத ஒசரத்துல எடம் பாத்து வெச்சு, பூட்டு ஒண்ணும் போட்டான். சாவிய மயிலாத்தாகிட்டக் குடுத்தான். எங்கிட்டக் குடுக்கலை.

மறுநாளு அவளக் கொண்டுபோயி பஸ் ஸ்டாண்டுல ஏத்தி வுட்டேன். சன்னலோரம் எடம் புடிச்சுக் குடுத்தேன், கண்டக்டரு வேலை மறக்குமா. அவ சன்னல் கம்பியப் புடிச்சுக்கிட்டு, மாத்திரை எங்க இருக்குது, பருப்பு எங்க இருக்குது, ராசாமணி ஊட்டுல கொழம்பு வாங்கிக்கங்கன்னு சொல்லிக்கிட்டே இருக்கறா. எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலை. எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஓசும் இல்லை, மோட்டாரும் இல்லை. கை சும்மா இருக்குமா, சட்டைப் பையில போயி விசிலு தட்டுப்பட்டுச்சு. ரெண்டு விசிலு ஊதுனேன். போயிட்டு வான்னு சொல்றதுக்கு எனக்கு வேற வார்த்தை தெரியாது தம்பி.

டிரைவரு வண்டியக் கெளப்பிட்டான்!

அந்த வண்டிக் கண்டக்டரு டீக்கடையில நிக்கறான். கையில டீ கிளாஸோட, "ஏய் ஏய்"னு கத்திக்கிட்டு ஓடியாறான். அவன் போயி தாவி ஏறுனதும் வண்டி வேகமெடுத்திருச்சு. ஒரு விசிலு ஊதியிருந்தா நின்னிருக்கும். ஒண்ணே ஒண்ணு. வாயிலதான் வெச்சுக்கிட்டு நின்னேன்.

ஊதலீங்க.

மயிலாத்தா சன்னல் கம்பியில ஒரு தட்டு தட்டுனா, வளையலால. எனக்குக் கேட்டுச்சு, அத்தனை சத்தத்துலயும். ஒரு தட்டுன்னா நிறுத்துங்கன்னு அர்த்தம். பஸ்ஸ நிறுத்தச் சொன்னாளா, இல்ல இந்தச் சோப்பு வைக்கற வேலைய நிறுத்தச் சொன்னாளா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

இப்ப என்ற புகாரு என்னன்னு கேளுங்க. அந்த டிரிப்பு ஓடுது. நிக்கவே மாட்டேங்குது. ஒரு கசிவு இல்லை, ஒரு அடைப்பு இல்லை. வெடியால க்ளக், பொழுதோட க்ளக். கத்திரி காய்ச்சுத் தொங்குது, மல்லி பூத்துக் கொட்டுது, பறிக்கறதுக்கு ஆளில்லை. ஒரு செடிகூட என்னைய ஒரு வார்த்தை கேக்கறதில்லை, தானாக் குடிச்சுட்டுத் தானா வளருது. ஒரு மனுசன் தன்ற தொழில இவ்வளவு சுத்தமாவா செய்யறது? சித்த அரைகொறையா வுட்டு வெச்சா அடுத்தவனுக்கு ஒரு வேலை இருக்குமல்ல?

நான் அவனுக்குப் போன் போட்டேன், என்னமோ சத்தம் வருதுன்னு. வந்தான். ஏணி போட்டு ஏறி எல்லாத்தையும் பாத்தான். "ஐயா, சிஸ்டம் ஜம்முனு இருக்குது"ன்னான். மறுபடி போட்டேன், தண்ணி ருசி மாறிப்போச்சுன்னு. வந்தான். மூணாவது தடவை போன எடுத்ததுமே, "சோப்பு வெச்சீங்களா?"ன்னான். "பூட்டியிருக்கறதுல எப்படிய்யா வைப்பேன்?" "அப்ப ஒண்ணும் ஆகாது. எனக்கு வேற எடத்துல வேலை இருக்குதுங்க. கூப்பிடாதீங்க." வெச்சுட்டான். எல்லாத் தோட்டத்துக்கும் போறான், எங்கூட்டுக்கு மட்டும் வர மாட்டானாம். இதெல்லாம் ஒரு சர்வீஸா?

அந்த ராசாமணி அக்கா வேற ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுது, நான் வெடியால தனியா நாற்காலி போட்டு உக்காந்து ரெண்டு விசிலு ஊதறேன்னு. பொய்யுங்க. விசிலுக்குள்ள தூசி சேரும், அப்பப்ப ஊதி எடுக்கோணும். தூசி வெடியாலதான் சேருது, நான் என்ன பண்றது?

போன வாரம் பிரமிளாவுக்கு நல்லபடியாப் பேறாச்சு. பொம்பளைப் புள்ளை. மயிலாத்தாதான் பேசுனா.

"வந்து கொழந்தையப் பாக்கலீங்களா?"

"தோட்டத்த யாரு பாக்கறது?"ன்னேன். எனக்கும் ஒரு கெத்து இருக்குதல்லங்க.

"அதான் டிரிப்பு இருக்குதல்ல. தானா ஓடுமே."

பாருங்க, எங்க கொண்டாந்து நிறுத்திட்டான்னு. அந்தத் தங்கவடிவேலு ஒழுங்கா வேலை பாக்காம இருந்திருந்தா எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். இப்ப வேற சாக்குத்தான் தேடோணும்.

"பொண்ணு ஊட்டுல வந்து நான்..."

"ரெண்டு நாளு பொண்ணு ஊட்டுல, ரெண்டு நாளு பேத்தி ஊட்டுல. அப்பறம் புதுப் பேத்தி ஊட்டுல. வாங்க"ன்னா. அப்பறம், "இங்க ஒரே கொழந்தைத் துணியா இருக்குதுங்க. வரும்போது நம்மூரு பார் சோப்பு வாங்கியாங்க. எலி கடிக்காததாப் பாத்து"ன்னா.

அதான் பையில. நாலு கட்டி, முழுசா. கீழ முருங்கைக்காய், அவ வெச்ச கத்திரி, கொய்யா. மல்லியக் கட்டத் தெரியலை எனக்கு, உதிரியா வாழையெலையில மடிச்சு வெச்சிருக்கேன். அந்தப் பக்கம் மூட்டையா இருக்கறது அவ தலையணை. அவளுக்கு வேற தலையணையில தூக்கம் வராது, இத்தனை நாளு எப்படித் தூங்குனாளோ. ஆனா நான் போறது அதுக்கில்லீங்க. டிரிப்புக்காரனப் பத்திப் புகாரு சொல்லத்தான் போறேன். ஆளனுப்புனது பிரமிளாதான, நேருல சொன்னாத்தான் அதுக்கு உறைக்கும். சொல்லிட்டு ஒடனே வந்துருவேன். மாத்துத் துணி கொஞ்சம் கூட எடுத்திருக்கேன், ஓசூர்ல குளிருன்னாங்க.

ஈரோட்டுல வண்டி மாறிப் போயிருவேன், ஆனா ஓசூர்ல நாலாவது மாடிங்க. முட்டி என்ன சொல்லப்போகுதோ. கீழ நின்னு ரெண்டு விசிலு ஊதலாம்னு இருக்கேன். காது கேட்டா எட்டிப் பாப்பா. கொடம் இல்லாட்டியும் ஒரு பாத்திரமாச்சும் அந்த ஊட்டுல இருக்காதா?

ஊதிக் காட்டச் சொல்றீங்களா? இங்கயா? வேண்டாம் தம்பி, டிரைவரு பிரேக்குல கால வெச்சுருவான், அந்தக் கண்டக்டரு நம்மள எறக்கி வுட்டுருவான்.

அதா, அவனே வந்துட்டான். தம்பி, இவ்வளவு தூரம் ஒரு மனுசன் வயித்தெரிச்சலச் சும்மாவா கேட்டீங்க? வெறும் கையோட போக வுடறதா இல்லை. 'ஈரோடு ரெண்டு'ன்னு சொல்லுங்க. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு கதைக்கு. பாக்காதீங்க அப்படி, கதைக்கு அரை டிக்கெட்டெல்லாம் செல்லாது, நெம்ப வயசான கதை. எடுங்க, சில்லறையா எடுங்க. கண்டக்டருகிட்ட முழு நோட்ட நீட்டுனா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.